வேலிக்கு வடக்கே இருபது காலடி

எங்கள் கடற்கரையில் ஆமைகளைக் காப்பாற்ற ஒரு சங்கம் இருக்கிறது. உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் விடியற்காலையில் எழுந்து மணலில் நடக்கிறவர்கள் ஏழு பேர். அந்த ஏழு பேரில், ஆமை முட்டையிட்ட இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அது என் மனைவி. அவள் கண்டுபிடித்துக் கொடுப்பாள். மற்ற நாற்பது பேரும் பாதுகாப்பார்கள்.

கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. ஆமை கரையேறி வந்துபோன தடம் யார் கண்ணுக்கும் தெரியும், டிராக்டர் ஓட்டிப்போன மாதிரி இருக்கும். ஆனால் முட்டையிட்டு மூடிய பிறகு, சுற்றிலும் மணலை வாரி இறைத்துக் குழப்பிவிட்டுத்தான் அது கடலுக்குத் திரும்பும். கலைந்து கிடக்கும் அந்த மணலில் எந்த இடத்தில், ஒரு முழ ஆழத்தில், நூற்றுச் சொச்சம் முட்டைகள் இருக்கின்றன என்பதை மெல்லிய குச்சியால் அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கும் இறங்க மறுக்கிற குச்சி ஓரிடத்தில் மட்டும் பொதக்கென்று இறங்கும். அந்த நொடியிலேயே கை நிற்க வேண்டும். அரை அங்குலம் கூடுதலாகப் போனால் முட்டை உடையும்.

என் மனைவி ஆஸ்பத்திரி லேபில் இருபத்திரண்டு வருடம் இரத்தம் எடுத்தவள். சங்கத்தில் எல்லோருக்கும் அவள் "லேப் அக்கா". அந்தக் குச்சியைப் பற்றி யாராவது வியந்தால், கைக்குழந்தைக்கு நரம்பு தேடுவதற்கு இது எவ்வளவோ தேவலை, மணல் அழாது என்பாள்.

சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர். ஆனால் கேள்வி கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் வாயில் பஞ்சு இருப்பதாக நினைத்துக்கொண்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். செயலாளர் பேனர் அச்சடிக்கிற கடை வைத்திருப்பவர். அவர் பெயரே பேனர்காரர் ஆகிப்போனது. ஒரு சங்கத்துக்குப் பேனர்காரர் செயலாளராக வாய்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் கடற்கரைக்கு வந்து பார்க்கலாம். ஆமை முட்டையிடும் இடம். ஆமை முட்டையிடக்கூடிய இடம். குப்பை போடாதீர். இந்தப் பலகையில் சாயாதீர். 'வெளிச்சமே ஆமைக்குஞ்சின் எதிரி' என்று ஒரு பலகை வைத்து, அது இரவிலும் தெரிய வேண்டும் என்று நாலு டியூப்லைட் போட்டார். அதன் ஃப்யூஸ் வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருந்தது. போன ஃப்யூஸ்கள் என் மனைவியின் கைப்பையில் இருந்தன.

நான் சங்கத்தில் இல்லை. நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலை எனக்கு. அவள் கையெழுத்து அவளுக்கே புரியாது என்பதால், காலையில் அவள் வந்து சொல்லச் சொல்ல நோட்டில் எழுதுவேன். கூடு எண், தேதி, கடலிலிருந்து எவ்வளவு தூரம். என் பங்கு அவ்வளவுதான்.

முதல் வருடம் முதல் கூட்டுக்குச் சங்கம் வேலி போட்டது. நாலு இரும்புக் கம்பி, பச்சை வலை, நாலு பக்கமும் பலகை. நாய்கள் வராமல் இருக்க வேலி என்றார்கள். நாய்கள் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள். வேலியோடு படம் எடுத்துக்கொள்ளச் சங்கத்தார் வந்தார்கள், சங்கத்தாரின் சம்பந்திகள் வந்தார்கள், இரண்டு பேருந்து நிறையப் பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள். படத்தில் எல்லோரும் விழ வேண்டுமே என்று வேலியைத் தாண்டி உள்ளேயும் நின்றார்கள். தலைவர் பிறந்தநாளுக்கு அங்கேயே கேக் வெட்டினார்கள். ஐம்பத்தைந்து நாள் மிதிபட்ட மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிப் போனது. அறுபதாம் நாள் என் மனைவி தோண்டிப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு முட்டை. பாதிக் குஞ்சுகள் முட்டையை உடைத்துக்கொண்டு வந்து, மேலே ஏற முடியாமல் உள்ளேயே செத்திருந்தன.

அன்று வீட்டுக்கு வந்தவள் குச்சியைக் கழுவித் துடைத்து மூலையில் வைத்தாள். சாயங்காலம்தான் கேட்டாள்.

"அந்த வேலி யாருக்குங்க?"

அவளுக்கு ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல், எங்கள் நூலகத்தில் இருந்த ஒரு பழைய அகராதியைப் பற்றிச் சொன்னேன். அபூர்வமான புத்தகம் என்று அதற்குக் கண்ணாடிப் பெட்டி செய்து வைத்தார்கள். கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் எடுத்துப் புரட்டத் தோன்றியது, மூன்று மாதத்தில் முப்பது பக்கம் கிழிந்தது. நான் அதன் எண்ணை மாற்றி, கால்நடை வைத்தியப் புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டேன். பெட்டிக்குள் வேறு ஏதோ தடிப் புத்தகத்தை வைத்தேன். அதற்குப் பிறகு அகராதிக்கு ஒரு கீறல் விழவில்லை. இதைக் கேட்டுவிட்டு அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இரண்டாவது கூட்டிலிருந்து என் நோட்டில் ஒரு புதிய வரி சேர்ந்தது. "வேலிக்கு வடக்கே இருபது காலடி."

செய்வது சுலபம் என்றாள். மற்ற ஆறு பேரும் சூரியோதயத்தைப் படம் எடுத்துக்கொண்டு பின்தங்கி வருவார்கள். அதற்குள் கூட்டைக் கண்டுபிடித்து, மணலைத் தடவிச் சமன் செய்து, ஆமையின் தடத்தையும் துணியால் அழித்துவிடுவாள். தடத்தை அழிப்பது எப்படியும் வழக்கம்தான், முட்டைத் திருடர்களுக்காக. பிறகு தெற்கே இருபது காலடி நடந்து, அங்கே காலால் மணலைக் கலைத்துவிட்டு, "இதோ இங்க" என்று கூப்பிடுவாள். வேலி அங்கே எழும்பும். கேக் வெட்டுகிறவர்கள் அங்கே வெட்டுவார்கள். குஞ்சுகள் பொரிந்து போன பிறகு முட்டை ஓடுகளைத் தோண்டி எண்ண வேண்டும். அந்த ஓடுகளின் நாற்றத்துக்குச் சங்கத்தார் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள். அவளே தனியாகத் தோண்டி, வாளியில் கொண்டுவந்து எண்ணிக் காட்டுவாள்.

நூற்றுக்கு எண்பத்தாறு பொரிந்தன. எந்தக் கடற்கரையிலும் கேள்விப்படாத கணக்கு. சங்கத்துக்கு விருது கிடைத்தது. விருது வாங்கின மேடையில் தலைவர், வெற்றிக்குக் காரணம் வேலியின் உயரமும் வலையின் நிறமும் என்று முக்கால் மணி நேரம் பேசினார். அக்கம்பக்கக் கடற்கரைகளிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் வேலியை அளந்துகொண்டு போனார்கள். என் மனைவி கைதட்டினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவளுக்கு விக்கல் பிடித்துக்கொண்டது.

இப்படி ஆறு வருடம் ஓடியது. ஆறாவது வருடம் அவள் தன் இரத்தத்தைத் தானே எடுத்து, தானே லேபில் பார்த்தாள். அதில் தெரிந்த நோயை எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

இருபத்திமூன்றாவது கூட்டுக்கு அவளோடு நான் போனேன். அவளால் நடக்க முடியவில்லை, பத்தடிக்கு ஒருமுறை உட்கார ஒரு மடக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போனேன். உட்கார்ந்தபடியே குச்சியைப் பிடித்துக் கண்டுபிடித்தாள். தெற்கே போய் மணலைக் காலால் கலைக்கிற வேலையை என்னிடம் விட்டாள். நான் கலைத்த லட்சணத்தைப் பார்த்து, ஆமை கரையேறிய மாதிரி இல்லை, தபால்காரர் சைக்கிளிலிருந்து விழுந்த மாதிரி இருக்கிறது என்றாள்.

பத்து நாளில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒருநாள் கண்ணை மூடியபடியே, "எத்தனாவது நாள்?" என்று கேட்டாள். சேர்த்து ஏழு நாள் ஆகிறது என்றேன்.

"நான் கூட்டைக் கேட்டேங்க."

பதினேழு என்றேன். "ஐம்பது நாள் ஆகும். யாரும் மேல நிக்காம பாத்துக்கங்க" என்றாள். கூட்டுக்குப் பத்தொன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் நாட்களை அந்தக் கூட்டின் கணக்கில்தான் எண்ணினேன். அது பொரிந்து கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முப்பதாம் நாள் தலைவரும் பேனர்காரரும் வீட்டுக்கு வந்தார்கள். என் மனைவியின் தங்கை, எனக்குத் துணையாக இருக்க வந்தவள், டீ கொடுத்தாள். தலைவர் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். இருபத்திமூன்றாம் கூடு இனி லேப் அக்கா நினைவுக் கூடு. ஐம்பதாம் நாள் சாயங்காலம் அங்கே விழா. மேடை, இருநூறு நாற்காலி, மைக் செட். வேலியைச் சுற்றி மக்கள் நிற்க, குஞ்சுகள் வெளியே வர, அக்காவின் படத்துக்கு முன்னால் அவை கடலுக்குப் போக வேண்டும். குஞ்சுகளிடம் நேரத்தைச் சொல்லியாகிவிட்டதா என்று மச்சினி உள்ளேயிருந்து முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

பேனர்காரர் ஒரு தாளை விரித்தார். நடுவில் வேலி. தெற்கே மக்கள். வடக்கே, வேலியிலிருந்து முப்பது காலடி வரைக்கும், மேடை. இரும்புக் கால்கள் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் இரண்டடி மணலுக்குள்.

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் நான் நெகிழ்ந்துபோய்விட்டதாக நினைத்தார்கள்.

மேடையைத் தெற்கே போட்டால் என்ன என்று கேட்டேன். காற்று தெற்கிலிருந்து வரும், மைக்கில் இரைச்சல் கேட்கும் என்றார் தலைவர். சரி, மேடையே இல்லாமல், சும்மா எல்லோரும் நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கலாமே என்றேன். ஒரு நிமிட மௌனம் உண்டு, அதை மேடையில் நின்றுதான் அறிவிக்க வேண்டும் என்றார்.

அவர்கள் போன பிறகு மச்சினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கும் அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் வாயில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"சொல்லிடுங்க அத்தான்" என்றாள் கடைசியில்.

"சொன்னா உங்க அக்காவ ஆறு வருஷம் சங்கத்தையே ஏமாத்துனவள்னு சொல்லுவாங்க."

"சொல்லலன்னா அவ கடைசியா பாத்து வெச்ச கூட்டு மேல பன்னெண்டு கம்பி இறங்கும். எது பரவால்ல?"

மறுநாள் பல் டாக்டரின் க்ளினிக்குக்குப் போனேன். அவர் அறையில் உட்கார நோயாளி நாற்காலி ஒன்றுதான் இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு, முகத்துக்கு மேல் விளக்கு எரிய, நான் நடந்ததைச் சொன்னேன். வேலிக்குள் எப்போதும் எதுவும் இருந்ததில்லை, முட்டைகள் வடக்கே இருபது காலடியில் இருக்கின்றன என்றேன். அவர் பாதியில் விளக்கை அணைத்தார்.

"சார், துக்கம் ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வெளிய வரும்."

"இது துக்கம் இல்ல டாக்டர். நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க எழுதுனதுதானே? வேலிக்குள்ள ஒண்ணுமே இல்லன்னா எண்பத்தாறு சதவீதம் எப்படி வந்தது?"

"ஒண்ணுமே இல்லாததாலதான் வந்தது."

அவர் என் தோளைத் தட்டினார். இரண்டு வாரம் எங்காவது உறவினர் வீட்டுக்குப் போய்வரச் சொன்னார். தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்படியே வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வலது கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

வெளியே காத்திருக்கும் இடத்தில், கன்னத்தைக் கையில் ஏந்தியபடி பேனர்காரர் உட்கார்ந்திருந்தார். கதவு மெல்லிய பலகை. எல்லாம் கேட்டிருக்கிறது. பல்வலியையும் விட்டுவிட்டு என் பின்னாலேயே தெருவுக்கு வந்தார்.

"எனக்கு ரெண்டு வருஷமாவே சந்தேகம் சார். வேலிக்கு நான் அடிக்கிற கம்பி ஒவ்வொண்ணும் ரெண்டடி இறங்குது. இருபது கூட்டுக்கு மேல அடிச்சாச்சு, ஒரு தடவ கூட ஒரு முட்டை மேல படல. எனக்கு அந்தளவு ராசி கிடையாது."

பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். திறந்தால் வேலி போய்விடும், வேலி போனால் ஒரு வேலிக்கு நாலு பலகை என்பதும் போய்விடும் என்று ஒளிக்காமல் சொன்னார். இப்படி நேராகப் பேசுகிறவர் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

"மேடைய நகத்தணும், அவ்வளவுதானே? அதுக்கு உண்மையெல்லாம் வேண்டாம் சார். நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, அக்கா படம் கொஞ்சம் சின்னதாயிடும். பரவாயில்லையா?"

எவ்வளவு சின்னதாக என்று நான் கேட்கவில்லை. பரவாயில்லை என்றேன்.

அவர் செய்தது இதுதான். மேடைக்குப் பின்னால் வைக்கிற பேனருக்கு இரண்டு மாதிரி வரைந்து தலைவரிடம் காட்டினார். ஒன்று இருபதடி அகலம், அதில் தலைவரின் முகம் மட்டும் ஓரமாக ஒரு வட்டத்துக்குள். மற்றொன்று நாற்பதடி, அதில் தலைவர் முழு உருவமாக, வெள்ளைக் கோட்டோடு, கடலைப் பார்த்துக் கை நீட்டியபடி. இரண்டாவதுதான் எடுப்பாக இருக்கிறது, ஆனால் வடக்குப் பக்கம் கருங்கல் குவியல் இருப்பதால் நாற்பதடி அங்கே நிற்காது, தெற்கே போனால்தான் முடியும், அதனால் முதலாவதையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தலைவர் ஒரு நிமிடம் யோசித்தார். காற்று, மைக் எல்லாம் சமாளித்துக்கொள்ளலாம் என்றார்.

ஐம்பதாம் நாள் சாயங்காலம் விழா நடந்தது. வேலிக்குத் தெற்கே மேடை, அதற்கும் தெற்கே மக்கள். நாற்பதடி பேனர் வேலியை முழுசாக மறைத்துக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பேனரில் தலைவர் நடுவில் நின்றார். அவரைச் சுற்றி முப்பத்தொன்பது உறுப்பினர்களின் தலைகள். இடது கீழ் மூலையில், அச்சகத்தின் தொலைபேசி எண்ணுக்கு மேலே, தபால்தலை அளவில் என் மனைவி. வலது பக்கம் ஓர் ஆமை, நான்கு தடித்த கால்களில் நிமிர்ந்து நின்றது.

"அத்தான், அது கடலாமையே இல்ல. மிருகக்காட்சி சாலையில இலை தின்னுட்டு நிக்குமே, அது" என்றாள் மச்சினி.

தலைவர் பேசத் தொடங்கி சிறிது நேரத்தில், பந்தல்காரரின் ஆட்கள் மிச்ச நாற்காலிகளை எங்கே அடுக்குவது என்று பார்த்தார்கள். பேனருக்குப் பின்னால், வேலியைத் தாண்டி, வடக்கே நல்ல சமதளமான மணல் காலியாகக் கிடந்தது. ஆளுக்குப் பத்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பேனரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். நான் மேடையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஓடவும் முடியாது, கத்தவும் முடியாது. முதல் வரிசையில் இருந்த மச்சினியைப் பார்த்தேன். அவள் அதற்குள் அங்கே இல்லை.

பிறகு நடந்ததை அவள்தான் சொன்னாள். ஓட்டமாகப் போய், கருங்கல் குவியலிலிருந்து நான் சொல்லியிருந்த கணக்கை எண்ணி, கூடு இருக்கும் இடத்துக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவே மணலில் உட்கார்ந்துவிட்டாள். இங்கே நாற்காலி வைக்கணும்மா என்றார்கள். செத்துப்போனது என் அக்கா, நான் கொஞ்சம் தனியாக இருக்கணும் என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறவள் பக்கத்தில் நாற்காலி அடுக்க யாருக்கும் மனம் வராது. அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். கூட்டம் கலைகிறவரை, ஒன்றேகால் மணி நேரம், அவள் அங்கிருந்து அசையவில்லை. முந்தானையை எடுத்தபோது கண்கள் நிஜமாகவே சிவந்திருந்தன. முதல் ஐந்து நிமிடம்தான் நடித்தேன் என்றாள்.

விழாவில் குஞ்சுகள் எதுவும் வெளியே வரவில்லை. அவை ஏற்கெனவே முந்தைய இரவே அமைதியாகக் கடலுக்குப் போய்விட்டதாகத் தலைவர் மைக்கில் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னை இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் விடியும்போது நானும் மச்சினியும் போனோம். வேலி, கழற்றாத மேடைக் கால்கள், எலுமிச்சை மூடி மாதிரி நசுங்கிக் கிடந்த காகிதக் கோப்பைகள். அவற்றுக்கு வடக்கே வெறும் மணலில் ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்திலிருந்து கடல்வரைக்கும், யாரோ நூறு சீப்புகளை இழுத்துக்கொண்டு போன மாதிரி, தடங்கள். மச்சினி செருப்பைக் கழற்றிவிட்டாள்.

மூன்று நாள் கழித்து நானே தோண்டினேன். ஆறு வருடம் அவள் சொல்லக் கேட்டு எழுதியவன்தான், கையால் தொட்டது அன்றுதான். நூற்றுப் பதினெட்டு முட்டையில் தொண்ணூற்றேழு பொரிந்து போயிருந்தன. ஓடுகளை வாளியில் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்குப் போனோம். தலைவர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நிறுத்தினார். எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பிறகு சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எங்கேருந்து எடுத்தீங்க சார்?"

வாளி கையில் கனத்தது. வடக்கே என்று சொல்லலாம். ஓடுகளே சாட்சி, கூட்டிப்போய்ப் பள்ளத்தையும் காட்டலாம். காட்டினால் அடுத்த வருடத்திலிருந்து வேலியைச் சரியான இடத்தில் போடுவார்கள்.

"வேலிக்குள்ளேருந்துதான் டாக்டர்" என்றேன்.

அவர் நீண்ட மூச்சு விட்டார். நான் தேறி வருவதில் தனக்கு மிகவும் சந்தோஷம் என்றார். பல்லுக்கு ஒருநாள் வந்து போகச் சொன்னார்.

திரும்பி வரும் வழியில் மச்சினி, உண்மையைச் சொன்னபோது மாத்திரை கொடுத்தவர் பொய்யைச் சொன்னதும் சந்தோஷப்படுகிறாரே, கோபம் வரவில்லையா என்று கேட்டாள். வந்தது, ஆனால் தொண்ணூற்றேழு போய்ச் சேர்ந்துவிட்டன என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "இனிமே கூட்டை யாரு கண்டுபிடிப்பா அத்தான்?" என்றாள்.

அடுத்த பருவத்தில் சங்கம் பதினாறு வேலிகள் போட்டது. குச்சி பிடிக்கத் தெரிந்த ஆள் இல்லாததால், தடத்துக்குப் பக்கத்தில் பார்வைக்கு நன்றாக இருந்த மணல்மேட்டைப் பார்த்து, முழு நம்பிக்கையோடு போட்டார்கள். இந்தத் தடவை யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. நான் தினமும் விடியற்காலையில் அந்தப் பக்கம் நடக்கிறேன். வேலிகளுக்கு வெளியே, எதிர்பாராத இடங்களிலிருந்து, சின்னத் தடங்கள் கடல் பக்கம் போயிருக்கின்றன. இதுவரை பதினொரு இடத்தில் பார்த்துவிட்டேன். ஓடுகளை யாரும் தோண்டி எண்ணுவதில்லை. சங்கம் நூற்றுக்கு நூறு என்று எழுதிக்கொண்டது.